முகத்துவாரம் வெட்டாத மூன்று நாள்

தேத்தண்ணிக்குச் சீனி போதும், இன்ஸ்பெக்டர் ஐயா. எனக்கு இனிப்பு அதிகம் ஆகாது. ஆறுதலாக எழுதுங்கள், நான் எதையும் மறைக்கப்போவதில்லை.

பன்னிரண்டு வருடமாக நான் இந்த வயல் வட்டைக்கு விதானை. முந்நூறு ஏக்கர் வயலுக்குத் தண்ணீர் விடுவதும் வடிப்பதும் என் பொறுப்பு. மாரியில் வாவி பெருகி வயலுக்குள் ஏறினால், மணல் அடைத்துக் கிடக்கும் முகத்துவாரத்தைக் கடலுக்கு வெட்டிவிடுவோம். பூசை வைத்து விதானை முதல் மண்ணை வெட்டிய பிறகுதான் மற்றவர்கள் தொடுவார்கள். தூரத்து உறவில் சாவு விழுந்து விதானைக்குத் தீட்டு, துடக்கு என்றால், மூன்று நாள் பொறுப்பார்கள்.

போன வருடம் உடனே வெட்டினோம். வெள்ள நிவாரணம் எழுத டி.ஆர்.ஓ. வந்தபோது தண்ணீர் வடிந்து, வேர் அழுகின பயிர் மேலுக்குப் பச்சையாக நின்றது. "பயிர் நல்லாத்தானே நிக்குது" என்று ஒருவருக்கும் எழுதாமல் போய்விட்டார். அந்த வருடம் எங்கள் பிள்ளைகள் தின்றது அல்லிக்கிழங்கு. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே இந்த மார்கழியில் தண்ணீர் ஏறிய திங்கட்கிழமை, வாகரையில் எனக்குத் தூரத்து உறவில் அண்ணன் ஒருவன் செத்துப்போனான் என்றேன். டி.ஆர்.ஓ. வியாழன் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஊர் நம்பியது. பக்கத்து வயல் வினாயகமூர்த்தி மட்டும் ஒரு மாதிரிப் பார்த்தான். உங்களுக்குப் பெட்டிசம் போட்டதும் அவனாகத்தான் இருக்கும்.

செவ்வாய் காலை கோணாமலை வந்தான். பெண்சாதி பிள்ளையை வயல்வாடிக் குடிசையில் விட்டுவிட்டு அரிசி எடுக்க ஊருக்கு வந்தவன், வெள்ளம் ஏறித் திரும்பிப் போக முடியாமல் நின்றான்.

"விதானையார், சீதேவியும் கைப்பிள்ளையும் காவல் பரணில ஏறி நிக்காங்க. முகத்துவாரத்த வெட்டுங்க, இல்லாட்டி உங்கட தோணியையாவது தாங்க."

"துடக்கோட மண்வெட்டி தொட ஒண்ணா, தம்பி. தோணி டி.ஆர்.ஓ.வ ஏத்தப் போயிட்டு. பரண் உயரந்தானே."

தோணி என் வளவுக்குப் பின்னால் தாழைக்குள் கிடந்தது. கொடுத்தால் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு முகத்துவாரத்தை வெட்டவே போயிருப்பான். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. வேறு தோணி தேடிக் களுவாஞ்சிக்குடிப் பக்கம் நடந்தான்.

வியாழன் காலை டி.ஆர்.ஓ.வை ஏற்றி நானே கோல் ஊன்றினேன். தூரத்தில் பரணில் சிவப்புச் சீலை ஒன்று ஆடியது.

"அங்க என்ன ஆடுது, விதானை?"

"குருவிக்குக் கட்டினது, ஐயா" என்று தோணியைத் திருப்பினேன்.

முழு வட்டையும் அழிவு என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அதன் பிறகு நான் தாமதிக்கவில்லை. துடக்குக் கழிந்தது என்று பின்னேரமே முகத்துவாரத்தை வெட்டினேன். மூன்று நாள் தேங்கிய தண்ணீர் போன வேகத்தில் பரணையும் பிடுங்கிக்கொண்டு போனது. அப்படித்தான் போகும் என்று எனக்குத் தெரியும். முதலில் தோணியை அனுப்பி அவர்களை ஏற்றியிருக்கலாம். ஏற்றினால், நான் தோணியைத் திருப்பியதைச் சீதேவி கதைப்பாள், எழுதினதை டி.ஆர்.ஓ. கிழித்துவிடுவார். கோணாமலை தோணியோடு வந்தபோது அந்த இடத்தில் சேறுதான் இருந்தது.

வாகரையில் எனக்கு ஒருவருமில்லை, ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஊரில் எல்லாருக்கும் நிவாரணம் கிடைத்தது. கோணாமலையின் பெயரை முதலாவதாகப் போட்டதே நான்தான். இரண்டு மாதமாகியும் அவன் கைநாட்டு வைத்துக் காசை எடுக்க வரவில்லை. ஊருக்கே நல்லது நடந்திருக்கும்போது ஒருவன் மட்டும் வராமல் இருந்தால், அவன் மனதில் ஏதோ கள்ளம் இருக்கிறது. நீங்கள் அவனைத்தான் விசாரிக்க வேண்டும்.