வெள்ளையில் வெள்ளையாகக் கிடந்த தடை அறிவிப்பு

பெயர் ஜெயபிரியா, வயது 31, கணவர் பெயர் காலஞ்சென்ற மணிகண்டபிரபு, இருப்பிடம் வடக்குத் தெரு, இலஞ்சி, தென்காசி வட்டம். மேற்படியார் தானாக முன்வந்து 01.07.2025 காலை 11 மணிக்குக் காவல் நிலையத்தில் ஆஜராகிக் கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்கண்ட முகவரியில் என் நான்கு வயது மகளுடன் வசித்து வருகிறேன். வீட்டில் இருந்தபடியே வெப்சைட் வேலை செய்து வருகிறேன். தென்காசியில் ஆவுடைநாயகம் அண்ணாச்சி நடத்தும் 'சாரல் நிலவரம்' என்ற வெப்சைட்டை மூன்று வருடமாக நான்தான் பராமரித்து வருகிறேன். குற்றால அருவிகளில் தண்ணீர் எப்படி விழுகிறது, குளிக்கத் தடை உண்டா என்று தினமும் அதில் போடுவோம். செய்தியை டைப் செய்து போடுவது இலத்தூரைச் சேர்ந்த முப்பிடாதி, வயது 22. அவள் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

முப்பிடாதி டைப் செய்யும் எடிட்டரில் எழுத்தைப் பெரிதாக்க, நிறம் மாற்றப் பட்டன்கள் உண்டு. தடை அறிவிப்புக்கென்று ஒரு பட்டன் நான் வைத்துக் கொடுத்தேன். அதை அழுத்தினால் சிவப்புக் கட்டத்துக்குள் வெள்ளை எழுத்தில் அறிவிப்பு வரும். எழுத்தின் வெள்ளை நிறம் அந்தச் செய்தியோடு சேர்ந்தே போகும். கட்டத்தின் சிவப்பு நிறம் மட்டும், பக்கத்தின் நிறம், அளவு எல்லாம் எழுதி வைக்கும் ஸ்டைல் ஃபைலில் தனியாக இருந்தது.

இந்த வருடம் மே மாதம், குற்றாலத்தில் சிக்னல் குறைவாக இருப்பதால் வெப்சைட் பக்கம் திறக்க நேரமாகிறது என்று அண்ணாச்சி சொன்னார். பார்த்தபோது, வருடக்கணக்காக எங்கெங்கிருந்தோ காப்பி செய்து ஒட்டிய செய்திகளால் ஸ்டைல் ஃபைல் குப்பையாகப் பெருத்திருந்தது. அதன் பின்பு 20.05.2025 அன்று, பயன்படாத ஸ்டைல்களைக் கண்டுபிடிக்கும் ஒரு கருவியை ஓட்டினேன். அது அன்றைக்குப் பக்கத்தில் இருப்பதை மட்டும் பார்த்து, 412 ஸ்டைல்கள் எங்கும் பயன்படவில்லை என்று பட்டியல் கொடுத்தது. அப்போது வெயில் காலம், அருவியில் தண்ணீர் இல்லை, தடை அறிவிப்பும் பக்கத்தில் இல்லை. ஆகவே அந்தச் சிவப்புக் கட்டமும் பட்டியலில் இருந்தது. நான் பட்டியலைப் படித்துப் பார்க்கவில்லை. மகளைப் பள்ளியில் சேர்க்கப் போக வேண்டிய அவசரத்தில் இருந்தேன். விசாரணை அதிகாரி கேட்டதற்கு, 'நிச்சயமாக அழிக்கவா' என்று கருவி கேட்டது என்றும், நான் ஆம் என்று அழுத்தினேன் என்றும் சொல்கிறேன். பக்கம் வேகமாகத் திறந்தது. அண்ணாச்சி பாராட்டினார்.

14.06.2025 அன்று மலையில் பலத்த மழை பெய்து, எல்லா அருவிகளிலும் ஓடைகளிலும் குளிக்கத் தடை என்று அறிவித்தார்கள். இந்த சீசனில் அதுதான் முதல் தடை. பகல் 1.10க்கு முப்பிடாதி அதை முறைப்படி போட்டிருக்கிறாள். எடிட்டருக்கு வேறு ஸ்டைல் ஃபைல் என்பதால் அவள் திரையில் சிவப்புக் கட்டம் சரியாகவே தெரிந்தது. வெளியே பார்ப்பவர்களுக்குச் சிவப்பு இல்லை. வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்து, வெறும் இடமாகத்தான் தெரிந்தது.

சுமார் 2 மணிக்கு என் கணவர், வேலை பார்க்கும் பார்சல் ஆபீசிலிருந்து எனக்குப் போன் செய்தார். "ஏட்டி, உன் சைட்ட பாத்தேன். சாரல் நல்லா இருக்குன்னு காலையில போட்டதுதான் கெடக்கு, தடைன்னு ஒண்ணும் போடலையே. குளிக்கப் போலாம்லா?" என்று கேட்டார். நான் பக்கத்தைத் திறந்து பார்க்காமலேயே, "போடலைன்னா தடை இல்லதான். தலைக்கு எண்ணெய் வச்சிக் குளிச்சிட்டுச் சீக்கிரம் வாங்க" என்று சொன்னேன். அதற்குப் பின்பு அவர் என்னிடம் பேசவில்லை.

கூட்டம் பிடிக்காது என்று அவர் எப்போதும் போகும், காவல் இல்லாத ஓடைக்கே போயிருக்கிறார். 3.30 மணியளவில் அவரை வெள்ளம் இழுத்துப் போய்விட்டது. மாலையில் ஆஸ்பத்திரியில் அவர் தலையைத் தொட்டுப் பார்த்தேன். தலையில் தேய்த்த எண்ணெய் போகவில்லை. அவ்வளவு தண்ணீரிலும் போகவில்லை.

மறுநாள் துக்கத்துக்கு முப்பிடாதி தன் தகப்பனாருடன் வந்தாள். நான் எல்லோர் முன்னிலையிலும், "ஒத்த வரி போட ஒனக்குக் கை வலிச்சுதாட்டி? எம் புருசனக் கொன்னுட்டியே" என்று சொல்லி அவளைப் பிடித்துத் தள்ளினேன். அவள், "போட்டேன்க்கா, செவப்புக் கட்டத்துல போட்டேன்க்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கீழே விழுந்தவளை அவளுடைய தகப்பனாரைத் தவிர யாரும் தூக்கவில்லை. அன்றே அண்ணாச்சி அவளை வேலையை விட்டு நிறுத்தினார். அதன் பின்பு 22ஆம் தேதி, அவள் கவனக்குறைவால்தான் என் கணவர் இறந்தார் என்று இந்த நிலையத்தில் நான் புகார் மனு கொடுத்தேன்.

29ஆம் தேதி பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் போன பின்பு, புகாருக்கு ஆதாரமாக 14ஆம் தேதிப் பக்கத்தைக் காப்பி எடுக்க லேப்டாப்பைத் திறந்தேன். காப்பி எடுப்பதற்காக மவுஸை மேலிருந்து கீழாக இழுத்தபோது, வெறும் இடம் நீல நிறமாக மாறி, அதற்குள் வெள்ளை எழுத்தில் 'அனைத்து அருவிகள், ஓடைகளில் குளிக்கத் தடை' என்று தெரிந்தது. மவுஸை எடுத்தேன், மறைந்தது. மறுபடியும் இழுத்தேன், தெரிந்தது. எத்தனை தடவை அப்படிச் செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. அதன் பின்பு மே மாதம் நான் அழித்த பட்டியலை எடுத்துப் பார்த்தேன். சிவப்புக் கட்டம் 287ஆவது வரியில் இருந்தது. அதன் பெயர் 'தடை' என்று நானே வைத்ததுதான்.

30ஆம் தேதி இலத்தூருக்குச் சென்று முப்பிடாதியிடம் நடந்ததைச் சொன்னேன். என்னை ஏசுவாள் என்று நினைத்துத்தான் போனேன். அவள், "அப்போ நான் போட்டது நெசந்தானக்கா? எல்லாரும் போடல போடலன்னு சொல்லச் சொல்ல, எனக்கே சந்தேகம் வந்துட்டுக்கா" என்று கேட்டாள். நெசந்தான் என்று சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

ஆகவே 22ஆம் தேதி மனுவில் முப்பிடாதியைப் பற்றி நான் சொன்னது தவறு. பட்டியலைப் படிக்காமல் அழித்தது நான். பார்க்காமல் போகச் சொன்னதும் நான். என் பேரில் என்ன நடவடிக்கை எடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் நடந்த உண்மை.

(ஒப்பம்)
ம. ஜெயபிரியா