வராதவரின் சீட்டு

— இது என்ன கடுதாசி எண்டு மட்டும் சொல்லுங்கோ ராஜூ அண்ணா. சொல்லிப்போட்டு நீங்கள் வேலைக்குப் போகலாம்.

— கொடுங்க, பாப்போம்… எங்க கெடைச்சது இது?

— இவருடைய ஜாக்கெட்டுக்குள்ள. தோய்க்கப் போடுவம் எண்டு எடுத்தனான்.

— தோய்க்கவா…

— ஓம். நாற்பது நாளாச்சு. ஆருக்கும் குடுக்கிறதெண்டாலும் தோய்ச்சுத்தானே குடுக்கவேணும்.

— மழை உங்க மேல அடிக்குது லோஜனா. கார்க் கண்ணாடிய ஏத்திக்குங்க. பசியாறிட்டீங்களா?

— கதையை மாத்தாதேங்கோ.

— மாத்தலமா. லஞ்ச் அரை மணி நேரம்தான். ஃபோர்க்லிஃப்ட் சாவி வேற என் பாக்கெட்ல இருக்கு, அதான்…

— நான் லின்ஃபீல்டு வீட்டில இருந்து ரெண்டு பஸ் மாறி பென்ரோஸ் வேலையிடத்துக்கு வந்தது உங்கட சாவியைப் பாக்கவோ?

— ஒரு ஃபோன் பண்ணியிருந்தா நானே வீட்டுக்கு வந்திருப்பேனே.

— வரமாட்டியள். செத்தவீட்டுக்குப் பிறகு நீங்கள் ஒருநாளும் வரேல்லை. முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டிக்கும் வாசலோட நிண்டிட்டுப் போனியள். வாசியுங்கோ. சுலக்ஷன் எண்டு இவருடைய பேர். மேசை நாலு, சீட்டு ஆறு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணி. அந்த ஞாயிறுதானே அண்ணா?

— ஆமா. அந்த ஞாயிறுதான்.

— இவர் செத்த ஞாயிறு.

— ஆமாமா.

— சொல்லுங்கோ.

— போக்கர் டோர்னமெண்ட். ரெண்டு நாள் போட்டி. சனிக்கிழமை எம்பது பேர் உக்காந்தோம். முடியறப்போ பதினெட்டு பேர்தான் மிச்சம். அதுல அவன் ஒருத்தன், நான் ஒருத்தன். அவங்கவங்க கையில இருக்கற சிப்ஸை, அதான் காசுக்குப் பதிலா வச்சு விளையாடற பிளாஸ்டிக் வில்லைங்களை, ஒரு பையில போட்டு ஒட்டி, நாங்களே பேர் எழுதிக் கொடுக்கணும், அவங்க பூட்டி வச்சிடுவாங்க. மறுநாள் எங்க உக்காரணும்னு இந்தப் பேப்பரைக் கொடுப்பாங்க.

— சனிக்கிழமை ஓவர்டைம் எண்டல்லோ இவர் வெளிக்கிட்டவர்.

— ம்.

— நீங்களும் அப்பிடித்தான் சொன்னியள். பின்னேரம் நான் உங்களுக்கு ஃபோன் எடுத்துக் கேட்டனான். பின்னால ஒரே கடகட எண்டு சத்தம். லோட் இறங்குது எண்டியள்.

— அது சிப்ஸ் சத்தம். சும்மா உக்காந்திருக்கறப்போ எல்லாரும் கையில வச்சு உருட்டிக்கிட்டே இருப்பாங்க.

— நல்லா இறக்கினியள் லோட். போக்கரை விட்டிட்டன் எண்டு எனக்குச் சத்தியம் செய்தவர்.

— ஃபோன்ல விளையாடறத விட்டுட்டான். அது பொய் இல்ல. அழிச்சுட்டு என்கிட்ட கொண்டாந்து காட்டுனான். அதுல எதிர்ல யாரு இருக்கான்னே தெரியாது, எந்த நாட்டுக் கம்பெனின்னு தெரியாது. ஏதாவது ஆச்சுன்னா போய்க் கேக்க ஒரு கதவு கிடையாது. நான்தான் சொன்னேன், விளையாடணும்னா போக்கர் ரூமுக்கு வா, அங்க லைசென்ஸ் இருக்கு, ரூல் இருக்கு, மனுஷன் மூஞ்சி இருக்கு, நேரமானா எந்திரிச்சுப் போன்னு சொல்லுவாங்க. நான்தான் கூட்டிட்டுப் போனேன்.

— அப்ப நீங்கள்தான்.

— நான்தான். திட்டணும்னா திட்டிடுங்க.

— திட்ட வரேல்லை. அப்பிடி என்ன இருந்தது அங்கை? எனக்கு அதுதான் விளங்கேல்லை.

— அவன் கொழும்புல கணக்கு வாத்தியாரா இருந்தான்ல?

— ஓம். ஒன்பது வருசம்.

— இங்க வேர்ஹவுஸ்ல ஒரு நிமிஷம் நின்னு யோசிச்சா ஸ்கேனர் கத்தும். சூப்பர்வைசர் எட்டிப் பாப்பான். அந்த மேசையில அவன் யோசிச்சா எட்டு பேரும் வாய மூடிக்கிட்டு காத்திருப்பாங்க. அவன் இங்கிலீஷை யாரும் திருத்த மாட்டாங்க. அதுதான் இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல.

— வீட்டில இவர் யோசிச்சால் நான் கத்துவன்.

— அதையும் சொல்வான்.

— என்னண்டு?

— எங்க வீட்டு ஸ்கேனர் இதைவிடச் சத்தம்னு.

— …

— சிரிக்கறீங்களா, அழறீங்களா?

— தெரியேல்லை… அண்ணா, அந்தப் பை அங்கைதானே இருக்கும்? போய்க் கேட்டால் தருவினமோ?

— எந்தப் பை?

— இவருடைய பேர் எழுதின பை.

— அதுல ஒண்ணும் இல்லமா. வெறும் பிளாஸ்டிக். அந்தப் போட்டிக்குள்ளதான் அதுக்கு மதிப்பு. வெளிய வந்தா சட்டைப் பொத்தான் மாதிரி.

— காசுக்குக் கேக்கேல்லை. இவர் கையால எழுதினதெல்லோ.

— …அதை அன்னிக்கே கிழிச்சுட்டாங்க.

— இவர் போகாமலோ?

— போகாட்டியும். பன்னெண்டு அடிச்சதும் பையைக் கிழிச்சு, சிப்ஸை அவன் சீட்டு முன்னால அடுக்கிட்டாங்க. அப்புறம் அவன் சீட்டுக்கும் சீட்டு போட ஆரம்பிச்சாங்க.

— சீட்டுக்குச் சீட்டோ? என்ன கதைக்கிறியள்?

— நாற்காலிக்குத்தாம்மா. உங்க பேச்சுல கதிரை. கதிரைக்கு காட்ஸ் போட்டாங்க.

— ஆளில்லாத கதிரைக்கோ?

— அதுதான் ரூல். சிப்ஸ் இருக்கறவரைக்கும் ஆள் இருக்கான்னுதான் எடுத்துக்குவாங்க. எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு போடறப்போ அவனுக்கும் ரெண்டு. அவன் முறை வந்தா சீட்டு போடற டீலரே அந்த ரெண்டையும் நடுவுல தள்ளிடுவா. யாரும் திருப்பிப் பாக்கக்கூடாது.

— இவருக்கு என்ன வந்ததெண்டு தெரியாதோ?

— தெரியாது.

— பிறகும்?

— எப்பவும் தெரியாது. டீலர் ஒரு சமோவா பொண்ணு. அவளுக்கு அவனைத் தெரியும். மத்தவங்க சீட்டையெல்லாம் சரசரன்னு இழுப்பா. அவன் சீட்டை மட்டும் மெதுவா எடுத்தா.

— அப்ப இவருடைய சிப்ஸ் அப்பிடியே இருந்திருக்குமே. விளையாடாட்டி எப்பிடிக் குறையும்?

— குறையும். ஒவ்வொரு சுத்துலயும் ரெண்டு பேர் சீட்டைப் பாக்கறதுக்கு முன்னாலயே கொஞ்சம் சிப்ஸ் வச்சே ஆகணும். பிளைண்ட்னு சொல்வாங்க. அது வரிசையா நகர்ந்து வரும். நேரம் ஆக ஆக அளவும் ஏறும். ஆள் வரலேன்னாலும் அவன் அடுக்குல இருந்து எடுத்து வைப்பாங்க.

— ரெண்ட் மாதிரி. இருந்தாலும் இல்லாட்டியும் கட்டவேணும்.

— அப்படித்தான். அவன் நிறைய வச்சிருந்தான். அதனால ரொம்ப நேரம் நின்னுது.

— எத்தினை மணி மட்டும்?

— மூணு பத்து.

— …பிந்திப் போனாலும் உள்ள விடுவினமோ?

— விடுவாங்க. சிப்ஸ் மிச்சம் இருக்கறவரைக்கும் எப்ப வேணா வந்து உக்காரலாம்.

— ஒரு மணிக்குப் போயிருந்தாலும்?

— உக்காரலாம்.

— ரெண்டு மணிக்கு?

— உக்காரலாம். ஏன் கேக்கறீங்க?

— சும்மா. நீங்கள் எங்கை இருந்தனீங்கள்?

— அஞ்சாவது சீட்டு. அவனுக்குப் பக்கத்துல.

— அப்ப இவருடைய சிப்ஸை நீங்களும் எடுத்தனீங்கள்.

— …ஒரு தரம். காலியா கிடக்கற சீட்டுன்னா எல்லாரும் அடிக்கத்தான் பாப்பாங்க. அதுவும் விளையாட்டுதான். ஒரு தரம் நானும் எடுத்தேன். அவன் வந்ததும் சொல்லிச் சிரிக்கலாம்னு நெனச்சேன்.

— நான் உங்களுக்கு ஏழு தரம் ஃபோன் எடுத்தனான்.

— ரெண்டாவது நாள் மேசையில ஃபோன் வைக்க விடமாட்டாங்க. பையில கிடந்துச்சு.

— சார்ஜ் இல்லை எண்டு அண்டைக்குச் சொன்னியள்.

— ஆமா. பொய் சொன்னேன். ரெண்டு மணிக்கு பிரேக் விட்டாங்க. வெளிய வந்து பாத்தேன். ஏழு மிஸ்டு கால், ஒரு மெசேஜ்.

— என்ன எழுதினனான் எண்டு எனக்கே ஞாபகமில்லை.

— எனக்கு இருக்கு. 'இவர் போட்டார், கெதியா வாங்கோ'ன்னு.

— ம்.

— அதுல பாருங்க… போட்டார்னா எங்களுக்கு எதையோ கீழ வச்சுட்டார்னு அர்த்தம். உங்க பேச்சு எனக்கு எப்பவும் கொஞ்சம் தடுமாறும்லா. அவன் சொல்வான்ல, மனுசி கடைக்குப் போட்டான்னு. நீங்க கடைக்குப் போயிட்டீங்கன்னு அர்த்தம். அப்படி எடுத்துக்கிட்டேன். போட்டார்னா, வீட்டை விட்டுக் கிளம்பிட்டார். உள்ள போய் மேனேஜர்கிட்ட சொன்னேன், வந்துக்கிட்டிருக்கான், அவன் சிப்ஸை எடுத்துடாதீங்கன்னு.

— எடுத்திருப்பினமோ?

— ஆள் இனிமே வரவே மாட்டான்னு தெரிஞ்சுட்டா அந்த ரூம்ல எடுத்துடுவாங்க. நாற்காலியையும் தூக்கிடுவாங்க.

— கெதியா வாங்கோ எண்டும் எழுதினனானே.

— ஆமா.

— அதுக்கு என்ன அர்த்தம் எடுத்தனீங்கள்?

— …

— அண்ணா.

— கெதியான்னா சீக்கிரம். ஏழு வருஷம் அவன்கூட வேலை செஞ்சவன். அதுகூடவா தெரியாது.

— இவர் விளையாட வெளிக்கிட்டதுக்கு நான் ஏன் உங்களைக் கெதியா வரச் சொல்லுறன்?

— புரிஞ்சுது லோஜனா.

— எப்ப?

— படிச்ச உடனே. படிக்கட்டுல உக்காந்துட்டேன். அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பப் பாத்தேன். கிளம்பிட்டான்னும் அதுக்கு அர்த்தம் இருக்குல்ல… இருக்குல்ல? அதைப் புடிச்சுக்கிட்டு உள்ள போயிட்டேன். நான் வாயத் திறக்காதவரைக்கும் அந்த மேசையில அவன் லேட்டு, அவ்வளவுதான். அவனுக்கும் சீட்டு போட்டாங்க. ஆறாவது சீட்டு யாருன்னு ஒருத்தன் கேட்டான். என் ஃப்ரெண்டு, டிராபிக்ல மாட்டிக்கிட்டான்னு சொன்னேன். அவன் கடைசி சிப்ஸ் போனதும் எந்திரிச்சேன். என்னோடத அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்.

— நாலு மணிக்கு வந்தனீங்கள்.

— நாலு மணிக்கு.

— அம்புலன்ஸ்காரர் பிறந்த திகதி கேட்டவை. என்ன மருந்து, ஆருக்கு அறிவிக்கவேணும் எண்டு கேட்டவை. எனக்கு இங்கிலிஷ் ஒண்டும் வாயில வரேல்லை. உங்களுடைய நம்பரைத்தான் காட்டினனான். அவையும் எடுத்துப் பாத்தவை.

— தெரியும். அந்த மிஸ்டு காலையும் அப்புறம் பாத்தேன்.

— தனிய நிண்டன் அண்ணா.

— அதனாலதான் உங்க வீட்டுப் படி ஏற முடியல. வாசல்ல செருப்பைக் கழட்டுவேன், அதுக்கு மேல கால் போகாது.

— …

— ஏதாவது பேசுங்க.

— என்ன கதைக்க?

— அடிக்கக்கூட செய்யுங்க. இப்படி மழையைப் பாத்துக்கிட்டு உக்காராதீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லித்தான் நான் என்னைச் சமாதானப்படுத்திக்கிறேன். நான் ரெண்டு மணிக்கே ஓடி வந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. விடியக்காலையிலயே தூக்கத்துல போயிட்டான்னு சொன்னீங்களே. யாராலயும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது.

— ஓம். எல்லாருக்கும் அப்பிடித்தான் சொன்னனான்.

— சொன்னீங்கன்னா?

— உங்களைக் கூப்பிடுகினம். அங்கை பாருங்கோ, ரோலர் கதவடியில கை காட்டுகினம்.

— காட்டட்டும். இப்ப என்ன சொன்னீங்க?

— ஒண்டுமில்லை. போங்கோ, வேலையைப் பாருங்கோ.

— நான் யார்கிட்டயும் சொல்லாததை உங்ககிட்ட சொல்லிட்டேன் லோஜனா. என் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது.

— சொல்லாமல் விட்டிருக்கலாம் நீங்கள். சொல்லாட்டி நானும் உங்களில கோவிச்சுக்கொண்டு அப்பிடியே போயிருப்பன்.

— இப்ப கோவம் இல்லையா?

— உங்களில கோவிக்க எனக்கு என்ன இருக்கு…

— சொல்லுங்கமா.

— சனிக்கிழமை இரவு வந்து எல்லாத்தையும் சொல்லிப்போட்டார் அண்ணா. ஓவர்டைம் இல்லை, பொய் சொன்னனான், இது கடைசி எண்டவர். எம்பது பேரில பதினெட்டுப் பேர் எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிச்சவர். இந்தக் கடுதாசியையும் காட்டினவர்.

— அப்ப இது என்னன்னு உங்களுக்கு…

— தெரியும். நான் ஒரு சொல்லும் கதைக்கேல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திட்டன். ஞாயிறு காலமை எழும்பினவர். புட்டும் சம்பலும் சாப்பிட்டவர்.

— சாப்பிட்டானா?

— ஓம். நெஞ்சு எரியுது, சம்பல் உறைப்பாக்கும் எண்டவர். கொஞ்ச நேரம் படுக்கிறன், பதினொரு மணிக்கு எழுப்பிவிடு, மறந்திடாதை எண்டவர். மறக்கேல்லை அண்ணா. பதினொரு மணிக்கு அறை வாசலில போய் நிண்டனான். மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர். எழுப்பினால் போயிடுவார் எண்டு, சத்தம் கேக்காமல் கதவைச் சாத்திப்போட்டு வந்திட்டன்.