முயல் படம் போட்ட தூக்குத்துணி

அன்று பகல் வீட்டில் இருந்தவர்கள்: போனைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அண்ணன். கட்டிலுக்கு மேலே அந்தரத்தில் அவன் தங்கை, வயது முப்பத்தொன்று, உயரம் நான்கடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆள் தூக்கும் மெஷினைக் கொண்டுவந்த மெக்கானிக். முன்னறை நாற்காலியில், செருப்பைக் கழற்றாமல், பராமரிப்பு இல்லத்து வார்டனம்மா. போனின் அந்தப் பக்கம், வெளியூரிலிருந்து, இவர்கள் இருவருக்கும் மூத்த அக்கா.

ஹலோ... ஆங், அக்கா... இல்ல, இப்ப பேச முடியாது, அவ மேல தொங்கிட்டு இருக்கா... மெஷின்லக்கா, நீ அனுப்பின மெஷின்ல... ஆமா, ஆமா, காலையிலயே வந்துடுச்சு... ஒரு நிமிஷம் இரு. சார், இறக்குங்க. மெதுவா. கம்பி அவ மூஞ்சில இடிக்குது பாருங்க, கம்பியைப் பிடிங்க... ம். இறங்கிட்டா. சொல்லு.

என்ன ஆச்சா... மெஷின்ல ஒண்ணும் குறை இல்ல. துணிதான். ஆளைச் சுத்தி மாட்டித் தூக்குமே, தூளி மாதிரி, அந்தத் துணி... பெரியவங்க துணி அவளுக்குத் தொளதொளன்னு இருக்கு. மேல போகப் போக முட்டி மூக்குக்கு வந்துடுச்சு, இடுப்பு கீழ வழியுது. இன்னும் ஒரு சாண் ஏத்தியிருந்தா நேரா தரைதான்... இல்ல, இல்ல, அடி ஒண்ணும் படல. திட்டுதான். அதுவும் எனக்கு.

சின்னத் துணியா... அதைத்தான் முதல்ல போட்டோம். சொல்றேன் கேளு. குழந்தைங்க துணிக்கா அது. முழுக்க முயல் படம். ஒவ்வொரு முயலும் கையில பலூன் வெச்சிருக்கு... சிரிக்காத. இங்க யாரும் சிரிக்கல. "பத்து கம்பெனிக்குக் கணக்குப் பார்க்கறேன், என்னை முயலோட சேர்த்துத் தூக்குவியா"ங்கறா... ஆமா. படம் கிடக்குது விடுன்னு நானும்தான் சொன்னேன். ஆனா முதுகு பத்தலக்கா. துணி தோளோட நின்னுடுது. தலை பின்னாடி தொங்குது, கோழியைத் தூக்கிட்டுப் போற மாதிரி.

நீ என்ன அளவு குடுத்தே... எடை. சரி. அப்புறம்... உயரம். வேற... அவ்வளவுதானே. நான்தான் சொன்னேன், நீ குடுத்தே, தெரியும். உன்மேல பழி போடல. ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணின கூத்துதான். அவ உடம்பு உன் உடம்பு மாதிரிக்கா. உக்காந்தா என் உயரம் வருவா. கையும் காலும்தான் குட்டை. எடையும் உயரமும் மட்டும் சொன்னா கடைக்காரன் எட்டு வயசுக் குழந்தைன்னு எடுத்து வெச்சுட்டான். ஜாக்கெட் தைக்கறவங்ககூட தோள் தனி, கை தனின்னு அளக்கறாங்க. நாம மூட்டைக்கு அளந்த மாதிரி அளந்திருக்கோம்... சரி. சரி, நீ அழாத. இங்க அதுக்கெல்லாம் நேரம் இல்ல.

மெக்கானிக்கா... போகப் போகப் பழகிடும்ங்கறாரு. "நீங்க ஏறிப் பழகுங்க, நான் பட்டனை அமுக்கறேன்"னு சொல்லிட்டா.

ம்... வார்டனம்மாவா... உக்காந்திருக்காங்க, முன்னாடி ரூம்ல. டீ குடுத்தேன்... வண்டி வாசல்ல நிக்குது. துணிமணி எடுத்து வெச்சாச்சான்னு ரெண்டு தடவை கேட்டுட்டாங்க... இல்ல, நான் எடுத்து வெக்கல... ஏன்னா எடுத்து வெக்கல. அவ்வளவுதான்.

அக்கா, நான் மாட்டேன்னு சொல்லவே இல்லையே. மெஷின் தூக்கினா அவ இங்க இருக்கட்டும், தூக்கலைன்னா ஹோமுக்குப் போகட்டும்னு நீ சொன்னே, நான் சரின்னேன். அவளும் சரின்னா. அவ வேற என்ன சொல்லுவா... என் இடுப்புக்கு டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும். இனிமே ஒரு குடம் தண்ணி தூக்கக் கூடாது. நைட் ஷிஃப்டை விட்டுட்டு வந்து உக்காந்தேன், இப்ப வேலையும் இல்ல, இடுப்பும் இல்ல. எதிர் வீட்டுக்காரர் வந்து தூக்கறாரு. நல்ல மனுஷன்தான். ஆனா அவர் தூக்கறப்ப இவ சுவத்துப் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கறா. சாயங்காலம் அவர் வரமாட்டார்னா மத்தியானத்துல இருந்தே தண்ணி குடிக்க மாட்டேங்கறா... அதான். அதைத்தான் சொல்றேன்.

உண்மையச் சொல்லட்டுமா... போனா நான் கொஞ்சம் தூங்குவேன். அவ்வளவுதான் எனக்குத் தோணுது. வேற ஒண்ணும் தோணல.

இரு, கூப்பிடறா... என்னடி... என்ன, டேப்பா? ... இந்தா... அக்கா, லைன்லயே இரு. அளக்கச் சொல்றா. உச்சந்தலையில இருந்து உக்கார்ற எலும்பு வரைக்கும், அங்க இருந்து முட்டி வரைக்கும். தனித்தனியா. சார், கொஞ்சம் அந்தப் பக்கம் பிடிங்க... ஏய், கூசுதுன்னா நான் என்ன பண்றது, அசையாம இரு.

ம்... முதுகு பெரியவங்க அளவு. தொடை குழந்தை அளவு... அப்படி ஒரு துணி இருக்கான்னு கேக்கறா... மெக்கானிக்கோட வண்டியில ஒண்ணு இருக்காம். முதுகு நீளம், கால் பட்டி குட்டை. ஆனா அது வேற யாருக்கோ கொண்டு போறதாம், சரியா இருந்தா நமக்கும் அதே மாதிரி வரவழைக்கலாமாம்... "மாட்டித்தான் பாருங்களேன், எடுத்துட்டு ஓடியா போயிடப் போறேன்"ங்கறா... போறாரு, போறாரு. தலையைச் சொறிஞ்சுக்கிட்டே போறாரு. துணி மாட்டற அகலக் கம்பி வேண்டாம், குறுகலா ஒண்ணு இருந்தா அதையும் எடுத்துட்டு வாங்கன்னு கத்தறா.

இல்லக்கா, கட்டிலுக்கு அடியில மெஷின் கால் நுழைஞ்சுடுது இப்ப. காலையில நுழையல. கட்டிலுக்குக் கட்டை வெச்சு உயர்த்தினோம்.

என்னம்மா... வார்டனம்மா எட்டிப் பார்க்கறாங்க... அஞ்சு நிமிஷம்மா. ஆமா, தெரியும்மா, உங்களுக்கும் நேரமாகுது.

வந்துட்டாரு. மாட்டறோம். இரு, போனை மேஜைமேல வெக்கறேன், கத்தாத...

...அந்த வளையம் இல்ல சார், அவ சொல்றதுல மாட்டுங்க... கால் பட்டியைக் குறுக்க விட்டு, ஆங்... தோள் பக்கம் சின்ன வளையம்... என்னது, நானா? அவர் பண்ணட்டுமே... சரி. சரிடி. எந்தப் பட்டன்...

அக்கா, இருக்கியா... போகுது. நான்தான் அமுக்கறேன். ஒத்தை விரல்... உக்காந்த வாக்குலயே போறாக்கா. தலை நிக்குது. கம்பி இடிக்கல... கையை விடாத, உள்ள வெச்சுக்கோ. திருப்பறேன்... நாற்காலி பிரேக் போட்டிருக்கா? ... போட்டிருக்கு. இறக்கறேன்... பின்னாடி தள்ளி உக்காரு... ம். உக்காந்துட்டா.

...

இல்ல, வளையத்தைக் கழட்டிக்கிட்டு இருந்தேன். கேக்குது சொல்லு.

தெரியும்... தெரியும்க்கா. இன்னிக்கு ஒரு நாள் தூக்கிட்டா தினமும் ஆயிடுமான்னு நீ கேக்கறது நியாயம்தான். குளிப்பாட்டணும், துணி தோய்க்கணும், ராத்திரி திருப்பிப் படுக்க வெக்கணும். அதுக்கெல்லாம் மெஷின் இல்ல... ஹோம்ல நாலு பேர் இருப்பாங்க. ஆமா... நல்ல இடம்தான், நானே போய்ப் பார்த்தேனே... இப்பவே சொல்லணும்னா எப்படி... அந்தம்மா எழுந்து நின்னுட்டாங்க. "என்ன முடிவு பண்ணினீங்க"ன்னு என்னையே பார்க்கறாங்க.

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலக்கா. நீயே சொல்லு. நான் போனை அவங்ககிட்ட குடுக்கறேன்... ஏன் நீ சொல்ல மாட்டியா? எப்பவும் நீதானே சொல்லுவே... ம். நல்லா இருக்கு.

இரு... ஏய், எங்க போறே? ... நாற்காலியை உருட்டிக்கிட்டு முன்னாடி ரூமுக்குப் போறாக்கா. நேரா அந்தம்மாகிட்டதான்... கும்பிடறா. "அலைய வெச்சுட்டோம், மன்னிச்சுக்கோங்க, வேணும்னா நானே போன் பண்றேன்"ங்கறா... ஆமா, அவதான். நான் இன்னும் பட்டனைக் கையில வெச்சுக்கிட்டு கட்டில்கிட்டயே நிக்கறேன்... அந்தம்மா தலையை ஆட்டிட்டுப் பையை எடுக்கறாங்க.

என்ன சத்தமா... வாசக் கதவு... நான் போகலக்கா, அவதான் கூடவே போறா. மெக்கானிக் வழியில நின்னாரு, நகருங்கன்னு உள்ள தள்ளிட்டா... வார்டனம்மா வெளிய போயிட்டாங்க. படி இறங்கறாங்க.

சாத்திட்டா. கீழ்த் தாழ்ப்பாளும் போட்டுட்டா.