அடிமரத்தில் வந்த அம்மன்

காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர் ஐயா. பரவாயில்லை, சொல்கிறேன்.

சிதம்பரத்தில் எங்கள் நிழல் சங்கம் அறுபது மயில்கொன்றை மரங்களை நட்டது. நட்டது என்றால், தலைவர் ராஜாமணி குழிக்கு ஒரு கரண்டி மண் போட்டார், வெள்ளிக் கரண்டியால். பன்னிரண்டு வருஷம் தண்ணீர் ஊற்றியவன் செயலாளர் சுப்பிரமணியனாகிய நான். அவருக்கு 'மரவள்ளல்' பட்டம் கிடைத்தது. எனக்கு முதுகுவலி.

அறுபத்துநாலாம் வருஷம் ஒரு கல்யாணத்துக்குக் கடலூர் போனபோது, சாலையோர மயில்கொன்றையின் அடியில் தட்டுத் தட்டாகக் காளான் பார்த்தேன். அரக்கு நிறம், வெள்ளை ஓரம். அது வந்தால் வேர் உள்ளுக்குள்ளேயே மக்கிவிடுமாம். மேலே மட்டும் பூ குலுங்குமாம். விஞ்ஞான ஆர்வத்தில் ஒரு துண்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். தலைவர் வீட்டெதிர் மரத்தின் வேரைக் கீறி உள்ளே வைத்தேன்.

மூன்றாம் வருஷம் காளான் எழும்பியது. அடுத்த தெரு புஷ்பவள்ளி அதைப் பார்த்துவிட்டு, குங்குமமும் திருநீறுமாக அம்மனே வந்திருக்கிறாள் என்று மரத்துக்கு மஞ்சள் துணி சுற்றினாள்.

"எங்க தெரு மரத்துக்கும் அம்மா வரணும் மாமா. ஒரு துண்டு குடுங்க, வேருல வச்சுக் கும்புடுறோம்."

கேட்ட தெருவுக்கெல்லாம், மரத்துக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். பாரபட்சம் காட்டவில்லை. நாற்பத்தேழு மரங்களுக்கு அம்மன் வந்தாள்.

முதல் மரத்தடியில் டீக்கடை வைத்திருந்த அபுல் ஹசன் உங்களிடம் சொன்னதும் உண்மைதான்.

"அண்ணே, மரத்தத் தட்டுனா தவுலு மாதிரி சத்தம் வருது. கடைய அந்தாண்ட தள்ளிக்கவா?"

"இன்னைக்கே தள்ளிக்குங்க பாய்."

"தலைவர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுறேன்."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம், நான் சொல்லிக்கிறேன்."

தலைவருக்கோ, தன்னைவிட மரத்துக்குக் கூட்டம் ஜாஸ்தி என்று மனக்குறை. ஆடி மாத மரவிழாவுக்கு அங்கேயே மேடை போடலாமா என்று கேட்டார். அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது என்றேன்.

அன்று நல்ல காற்று. "இந்த மரங்கள் என் பிள்ளைகள்" என்று தலைவர் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். நாலாவது முறை அப்படிச் சொன்னபோது பிள்ளை தகப்பன்மேல் சாய்ந்தது. என் நாற்காலியைக் காலையிலேயே பத்தடி தள்ளிப் போட்டிருந்தேன்.

மரங்களைக் கொன்றேன், மனிதரையும் கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பதவிக்காக என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நேற்று இரங்கல் கூட்டத்தில் என்னைத் தலைவராக்கியபோது மறுத்தேன் ஐயா, இரண்டு முறை.