படிவத்தின் இரண்டாம் பக்கம்

பாடத் தேர்வுப் படிவத்துக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. பெரும்பாலோர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுவார்கள். அதில் பிள்ளையின் பெயர், எடுக்கப்போகும் பாடங்கள், பெற்றோர் கையெழுத்து. எந்தக் கல்லூரிப் படிப்புக்கு எந்தப் பாடம் வேண்டும் என்ற பட்டியல் பின்பக்கத்தில் இருக்கிறது. எழுத்து சிறியதுதான், ஆனால் தெளிவானது. பத்தொன்பது ஆண்டுகளாக இந்தப் பள்ளியின் வழிகாட்டி ஆசிரியர் நான். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையும் பெற்றோரும் எதிரே வந்து உட்கார்ந்ததும் படிவத்தை நீட்டுவேன். பிறகு வாயைத் திறக்காமல் அவர்கள் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

விசாரணைக் குழுவின் தலைவி நீங்கள், ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பிள்ளைகள் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பெற்றோரைத்தான் சகிக்க முடியாது. பதினைந்து வருடம் வளர்த்த பிள்ளையை முன்பின் தெரியாத ஒருவனிடம் பொட்டலம் மாதிரி தூக்கிக் கொடுத்துவிட்டு, "எங்களுக்கு என்னங்க தெரியும், நீங்களே பார்த்துப் போடுங்க" என்று இளிப்பார்கள். கடையில் தக்காளி வாங்கும்போது ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்க்கிற கைகள்தான் அவை. ஒரு தாளைத் திருப்ப மட்டும் வலிக்கும்.

எங்கள் பள்ளியில் கணிதம் இரண்டு வகை. பொறியியல், கட்டடக்கலை எதற்குப் போனாலும் உயர் கணிதம் இரண்டு ஆண்டு படித்திருக்க வேண்டும். பொதுக் கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் கல்லூரி ஏறெடுத்துப் பார்க்காது. தாளைத் திருப்பிய வீட்டுப் பிள்ளைக்கு உயர் கணிதம் என்று எழுதினேன். திருப்பாத வீட்டுப் பிள்ளைக்குப் பொதுக் கணிதம். "இதுவும் கணக்குதாங்க, மார்க்கு அள்ளலாம்" என்று சொன்னால் போதும், முகம் மலர்ந்து கையெழுத்துப் போடுவார்கள். எல்லோருக்கும் இப்படிச் செய்யவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கு எதை எழுதினாலும் ஒன்றுதானே.

இரண்டு ஆண்டு கழித்து விண்ணப்பம் திரும்பி வரும்போதுதான் வீட்டுக்கு விஷயம் தெரியும். அப்போதும் பலர் பிள்ளையைத்தான் திட்டினார்கள். மொத்தம் நாற்பத்து மூன்று பேர். ஒரு நோட்டில் பெயர்களைக் குறித்து வைத்திருக்கிறேன், வேண்டுமானால் தருகிறேன். இதில் வன்மம் எதுவும் இல்லை. அக்கறை இல்லாத வீட்டிலிருந்து போகும் பிள்ளை கல்லூரியிலும் திண்டாடத்தான் போகிறது. கொஞ்சம் முன்கூட்டியே நிறுத்தினேன், அவ்வளவுதான்.

சலவைக் கூடத்தில் வேலை செய்யும் அம்மாளின் மகளைப் பற்றிக் கேட்டீர்கள். கட்டடக்கலை படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பத்தாம் வகுப்புக் கணிதத்தில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தவள். தாய் நாற்காலி நுனியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். சலவைத் தூளில் வெளுத்துச் சுருங்கிய விரல்களால் படிவத்தைத் தொடவே பயந்தார். வழக்கம்போல் எழுதி நீட்டினேன். மகள் வாங்கித் திருப்பினாள்.

"ஐயா, கட்டடக்கலைக்கு உயர் கணிதம்னு இங்க போட்டிருக்கே," என்றாள்.

குரலில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. என் விதிப்படி பார்த்தால் நான் எழுதியதை அடித்துத் திருத்தியிருக்க வேண்டும். ஆனால் நான் எழுதி முடித்த பிறகு யாரும் திருப்பிப் பார்த்ததில்லை. பதினைந்து வயதுப் பெண், அதுவும் தாயை வைத்துக்கொண்டு, என்னைத் திருத்துகிறாள்.

"அது பழைய படிவம்மா. போன வருஷமே மாத்திட்டாங்க," என்றேன்.

யாரும் எதையும் மாற்றியிருக்கவில்லை. அவள் நகராமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா சொல்றாருல்ல, பேசாம இரு," என்று தாய் படிவத்தை வாங்கிக் கையெழுத்திட்டார். வீட்டில் கணவர் கேட்டால் தனக்குச் சொல்லத் தெரியாது என்று, ஒரு சலவைச் சீட்டின் பின்புறத்தை நீட்டி எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். கட்டடக்கலைக்கு உயர் கணிதம் தேவையில்லை என்று, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு. இவர்களால் என்ன செய்துவிட முடியும் என்ற அலட்சியம்தான். அந்தச் சீட்டு இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது.

பொதுக் கணிதத்தில் தொண்ணூற்றெட்டு எடுத்தாள். கல்லூரி ஒற்றை வரியில் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது. தாய்தான் என் அறைக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன்.

"நாங்கதான் சரியா விசாரிக்காம விட்டுட்டோமா ஐயா?" என்று கேட்டார்.

ஆமாம், விசாரித்திருக்கலாம் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். மகள் இப்போது அதே கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறாள் என்பது நீங்கள் சொல்லித்தான் தெரியும். சீட்டை உங்களிடம் கொண்டுவந்தது அவள்தான் என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. எதையும் நான் மறுக்கவும் இல்லை. தெரிந்தேதான் செய்தேன், நாற்பத்து மூன்று முறையும்.

கடைசியாக என் மகனைப் பற்றிக் கேட்டீர்கள். அவனும் இதே பள்ளிதான். பத்தாம் வகுப்பில் கணிதத்தில் நாற்பத்தொன்று. படிவத்தைச் சட்டைப்பையில் மடித்து வைத்து மறந்தே போனான். உயர் கணிதம் என்று நானே எழுதி, நானே கையெழுத்திட்டேன். தட்டுத்தடுமாறித் தேறி, இன்று பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அவனைக் கொண்டுபோய் அந்தப் பிள்ளைகளோடு நிறுத்திப் பார்க்கிறீர்கள். அது நியாயமில்லை. அவனுக்குச் சரியாக எடுத்துச் சொல்ல ஆள் இருந்தது.