முகடு வழியே ஒரு கோடு

ஹலோ... ஆமா, நான்தான். இரு, நீ சொல்றதுக்கு முன்னாடி இதைக் கேளு. உலகத்துல ஒரு செடிக்கும் ஒரு மனுஷனுக்கும் வளைஞ்சு கொடுக்காம எல்லைக்கோடு போட்டவன் நான் ஒருத்தன்தான்... சிரிக்காதடா. நிஜமாத்தான் சொல்றேன்.

நீ கம்ப்யூட்டர்ல மேப்போட மல்லுக்கட்டிட்டு இருந்தே, கமிட்டிக் கூட்டத்துல நடந்தது உனக்கு எங்க தெரியும்... ஆமா, ஆமா, முடிவாயிடுச்சு. பழைய தாவர மண்டலமெல்லாம் ரோட்டைப் பார்த்துப் போட்டது. எந்தச் செடி ரோட்டைப் பார்த்து முளைச்சுது? இனிமே மலைமுகடுதான் எல்லைன்னு எல்லாரும் கை தூக்கியாச்சு. உடனே நம்ம கொடி வாத்தியார் எழுந்திரிக்கிறார்... அவரேதான். இருபது வருஷமா ஒரே காட்டுக்கொடியை ஆராய்ச்சி பண்றேன்னு கட்டிக்கிட்டு அழறவர். புதுக் கோடு போட்டா அது அஞ்சாம் மண்டலத்துக்குப் போயிடுதாம். நாலாம் மண்டலத்துச் சொந்தச் செடிப் பட்டியல்ல இருந்து அடிச்சிடுவாங்களாம். "தம்பி, அந்த இடத்துல மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடக் கூடாதா"ன்னு என்கிட்ட கெஞ்சறார்... என்ன சொன்னேனா? "சார், மலையை நகர்த்த முடியாது. கொடியைப் பிடுங்கி இந்தப் பக்கம் நட்டுக்கோங்க"ன்னேன்... என்ன பாவம்? இது அறிவியல்டா. பஸ் சீட்டா, துண்டு போட்டு இடம் பிடிக்க?

சரி, நீ எதுக்குக் கூப்பிட்டே... எந்தக் குளம்... ஆமா, என் புல்லு இருக்கிற குளம். அதுக்கென்ன... முகட்டுக்கு அந்தப் பக்கமா? எவ்வளவு தூரம்...

முந்நூறு மீட்டர்.

இன்னொரு தடவை பாரு... பார்த்துட்டியா. சரி... ஆமா, 'நாலாம் மண்டலத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட புல்'. அதான் என் ஆய்வேட்டுத் தலைப்பே. பைண்டிங் பண்ணி அட்டையில பொன்னெழுத்துல போட்டாச்சு. திங்கக்கிழமை கொடுக்கணும்... தெரியும்டா. அஞ்சாம் மண்டலத்துல அது மாடுகூடத் திரும்பிப் பார்க்காத அளவுக்கு மண்டிக் கிடக்கு. அங்க அதைக் கண்டுபிடிச்சேன்னு யார்கிட்ட போய்ச் சொல்ல... ஆமா. அஞ்சு வருஷ உழைப்பு.

மேப்பை அனுப்பிட்டியா?... அனுப்ப வேண்டியது அஞ்சு மணிக்குத்தானே. ரூம்ல வேற யாரு இருக்கா... கதவைச் சாத்திட்டு வா.

ம். அந்தக் குளத்துக்குக் கீழே ஓர் ஓடை தெரியுதா... முகடு அந்த இடத்துல அவ்வளவு தெளிவாவா இருக்கு... நான் ஒண்ணும் சொல்லலையே. சும்மா, அந்தக் கோடு ஓடையைப் பிடிச்சுக்கிட்டுப் போனா எப்படி இருக்குன்னு பாரேன்... இன்னும் கொஞ்சம் வெளியே... குளத்தைச் சுத்தி... ம்... ம்.

அங்கேயே நிறுத்து. சேவ் பண்ணிடு... வெச்சிடறேன்.