கதவுக்குப் பின்னால் ஒட்டியதை வாசலில் வாசித்தவருக்கு

ஆற்றோரத் தெரு நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியராய்த் தலைநிமிர்ந்து நடந்து, இன்று பொறுப்பை ஒப்படைத்துப் புறப்படும் திருமதி டோரதி அம்மையார் அவர்களுக்கு, உடன் உழைத்த ஆசிரியர்களும் அலுவலகத்தாரும் சத்துணவுக் கூடத்தாரும் பெருகும் அன்போடும் அடங்காத கோபத்தோடும் வாசித்தளிக்கும் மடல்.

அஞ்சாமையை அலுவலகத்துக்கும், அன்பை வகுப்பறைக்கும், வீட்டிலிருந்து கொண்டுவரும் மீன்குழம்பை எங்கள் எல்லோருக்கும் பங்கிட்டுத் தந்த அம்மையீர்! சாந்தோம் கடற்காற்றில் வளர்ந்து, ஆற்றோரத்துச் சேற்று வாடையில் பணிபுரிந்து, ஒருநாளும் மூக்கைப் பொத்தாத மூத்தவரே! மெமோவுக்கு மிரளாத மேன்மையே! சுற்றறிக்கைக்குச் சுருளாத துணிவே! வணக்கம்.

வழக்கப்படி இந்த இடத்தில் தங்கள் பொறுமையைப் புகழ வேண்டும். புகழ மாட்டோம். தாங்கள் பொறுமையாக இருந்து நாங்கள் பார்த்ததே இல்லை. மழைக்கு ஒழுகும் வகுப்பறையைப் பார்க்க வந்தவர்கள் ‘அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம்’ என்றபோது, அந்த ஒழுகலுக்கு நேர்கீழே நாற்காலியைப் போட்டு ‘உட்கார்ந்து பேசலாம் சார்’ என்றவர் தாங்கள். பொறுமைசாலிகளுக்கு எழுதப்படும் மடல்களை வேறு பள்ளிகளில் வாசித்துக்கொள்ளட்டும்.

தங்கள் முகம் பார்த்தே பேச வேண்டும் என்பது மடலின் முறை. ஆனால் தங்களுக்குப் பின்னால் பந்தல் நிறையப் பெற்றோர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் பலர் அண்மையில் பிள்ளைகளைச் சேர்த்தவர்கள். நடந்த கதை அவர்களுக்கு முழுதாகத் தெரியாது. ஆகவே சற்று நேரம் தங்களை ‘டோரதி டீச்சர்’ என்று மூன்றாம் மனிதராக வைத்து அவர்களிடம் சொல்கிறோம். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள். தங்களுக்கு அது கஷ்டம்தான், தெரியும்.

பெற்றோர்களே, அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி ஒவ்வொன்றுக்கும் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு. அதில் பெரும்பாலோர் பெற்றோர், தலைவர் ஒரு தாய். பள்ளியின் நல்லது கெட்டதை அவர்களைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். தாளில் இது தங்கம். நடப்பில் என்ன நடந்தது? அம்மாக்கள் பிள்ளைகளின் குட்டை பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்காருவார்கள், வந்த அதிகாரிக்குத் துண்டு விரித்த நாற்காலி. தீர்மானம் முன்கூட்டியே தட்டச்சாகி வரும். ஒரு டீ, ஒரு பிஸ்கட், ஒரு கையெழுத்து, முடிந்தது கருத்துக் கேட்பு. ஆற்றோரத்து ஜனம் எதற்கும் தலையாட்டும் என்று எவரோ முடிவு கட்டி வைத்திருந்தார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்து வெள்ளிக்கிழமை. உச்சிப் பொழுதில் ஜெபம் சொல்வதற்காக டோரதி டீச்சர் தம் அறைக் கதவைச் சாத்தினார். அந்தக் கதவு பகலெல்லாம் திறந்து சுவரோடு ஒட்டி நிற்பது. சாத்தியதும் அதன் உட்புறத்தில் புத்தம்புதிதாக ஒரு நோட்டீஸ். மாணவர் எண்ணிக்கை குறைந்ததால் இந்தப் பள்ளியைத் தேனாம்பேட்டைப் பக்கம், அண்ணா சாலைக்கு அப்பாலிருக்கும் இன்னொரு பள்ளியோடு இணைப்பது பற்றிப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம், வருகிற திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு. மேலிடத்து ஆள் ஒருவர், டீச்சர் வகுப்பிலிருந்த நேரம் பார்த்து வந்து ஒட்டிவிட்டுப் போயிருந்தார். அன்றைக்கு ஜெபம் பாதியிலேயே நின்றுபோனது. ‘ஆண்டவர் மன்னிப்பார், நான் மன்னிக்க மாட்டேன்’ என்று எங்களிடம் சொன்னார்.

எண்ணிக்கை குறைந்ததாம். எப்படிக் குறைந்தது? ஆற்றங்கரை வீடுகளை இடித்து, குடும்பம் குடும்பமாக லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் இறக்கிவிட்டால் எண்ணிக்கை குறையாமல் ஏறுமா? ஆளை அனுப்பியவர்களே ‘ஆள் இல்லை’ என்று மூக்கால் அழுவது என்ன நியாயம்? அதுவும் திங்கட்கிழமை பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் இந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் மந்தைவெளியிலும் அபிராமபுரத்திலும் பிறர் வீட்டுப் பாத்திரத்தில் கை வைத்திருப்பார்கள் என்பது மேலிடத்துக்குத் தெரியாதா? தெரிந்துதானே அந்த நேரம் குறித்தார்கள்.

டீச்சர் அதிகாரிக்குப் போன் போட்டார். நாங்கள் சாப்பாட்டை வைத்துவிட்டுச் சுற்றி நின்று கேட்டோம்.

“சார், எங்க கோயில்ல ஒரு கல்யாணம்னா மூணு ஞாயிறு பூசையில ஓலை வாசிப்பாங்க. இன்னாரும் இன்னாரும் சேரப் போறாங்க, யாருக்காவது தடை தெரிஞ்சா சொல்லுங்கன்னு. ரெண்டு பேர் சேர்றதுக்கே மூணு தடவை ஊரைக் கேட்கிறோம். ரெண்டு ஸ்கூலைச் சேர்க்க ஒரு தடவை கேட்க வேணாமா?”

“மேடம், நோட்டீஸ் ஒட்டியாச்சு. ரூல்படி அது போதும்.”

“கதவைத் திறந்தா நோட்டீஸ் தெரியாது. கதவை மூடினா உள்ள வர ஆளே கிடையாது. யார் சார் படிப்பாங்க அதை?”

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். குழுக் கூட்டத்தைக் கூட்டும் பொறுப்பு தலைமையாசிரியருடையது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு, மூன்று வாரம் தள்ளி, எல்லோரும் வேலை முடிந்து வரக்கூடிய ஒரு மாலைக்குக் கூட்டத்தை வைத்தார். அதற்குள் மூன்று முறை வாசலில் வாசிப்பது என்று முடிவு.

முதல் வாசிப்பு படு தோல்வி. பள்ளி விடும் நேரம் ஸ்டூல் மேல் ஏறி நின்று, நோட்டீஸை எழுத்துப் பிசகாமல் வாசித்தார். ‘நிர்வாக வசதியினை முன்னிட்டு அருகமைப் பள்ளியுடன் ஒருங்கிணைத்தல் பொருட்டு’ என்று அது நீண்டது. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ‘பஸ் பாஸு எப்போ தருவாங்க டீச்சர்?’ என்றார் ஒருவர். ஸ்டூலிலிருந்து இறங்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது. “அவங்களை ஏமாத்த எழுதின பாஷையை நானே என் வாயால வாசிச்சிருக்கேன்,” என்று தம்மையே திட்டிக்கொண்டார். 

அடுத்த வாரம் தாளையே எடுக்கவில்லை. “இந்த ஸ்கூலை மூடப் போறாங்க. உங்க பிள்ளை மெயின் ரோட்டைத் தாண்டி வேற ஸ்கூலுக்குப் போகணும். வேணாம்னா வந்து சொல்லுங்க. வேணும்னாலும் வந்து சொல்லுங்க.” அவ்வளவுதான். அன்றைக்கு ஒருவரும் தலையாட்டவில்லை.

மூன்றாம் வாசிப்பு கூட்டத்தன்றே. அதிகாரி நேரில் வந்திருந்தார். டீச்சர் வாசித்து முடித்து, “தடை இருக்கிறவங்க சொல்லுங்க,” என்றார். யாரும் அசையவில்லை. அப்போது தம் மனத்தில் ஓடியதைப் பின்னாளில் எங்களிடம் சொன்னார். இத்தனை பேரைக் கூட்டி வைத்து, கடைசியில் நாமே நம் பள்ளியை இவர்கள் கையில் கொடுத்துவிட்டோமோ என்ற பயம்.

அப்போது முனியம்மாள் எழுந்தார். குழுத் தலைவர். அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவர்.

“தடை கீது டீச்சர். எனுக்கு கீது. வூட்ட இடிச்சப்போ சரின்னு போய்ட்டோம். காத்தால பொண்ண இட்டுக்கினு பஸ்ஸ புடிச்சு வரேன். அத்த இங்க வுட்டுட்டு பக்கத்துத் தெருவுல நாலு வூட்டு வேல செய்யறேன். இஸ்கூலயும் தூக்கினு அந்தாண்ட போய்ட்டா, நான் வேலைக்குப் போவனா, அந்த ரோட்டாண்ட நின்னு புள்ளய தாண்ட வுடுவனா? எங்கள இன்னாதான் பண்ணச் சொல்றீங்க?”

அதிகாரி கேட்டார், “நீங்க இப்ப எந்த ஏரியால இருக்கீங்கம்மா?” அவர் சொன்னார். “அப்ப நீங்க இந்த ஏரியாவே இல்லையே. இந்த ஸ்கூலைப் பத்தி நீங்க எப்படிப் பேசலாம்?”

பெற்றோர்களே, இந்தக் கேள்வியைக் கவனியுங்கள். வீட்டைப் பிடுங்கினவர்கள், வீடு இல்லாததால் பேச்சு இல்லை என்கிறார்கள். இதைவிட அடாவடி வேறு உண்டா?

டோரதி டீச்சர் துண்டு விரித்த நாற்காலிக்கு நேரே போய் நின்றார். “அவங்க பொண்ணு இந்த ஸ்கூல்ல படிக்குது சார். அதான் அவங்க ஏரியா.” உடனே இன்னொரு தாய் எழுந்தார், பிறகு வரிசை வரிசையாக. அன்று தீர்மானம் தட்டச்சில் வந்தபடியே திரும்பிப் போனது. இணைப்பு ‘பரிசீலனையில்’ வைக்கப்பட்டது. டீச்சருக்குப் பரிசு ஒரு மெமோ. பொதுமக்களைத் தூண்டிவிட்டீரா என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். ‘வாசித்தேன்’ என்று பதில் எழுதி அனுப்பினார்.

அம்மையீர், இனித் தங்களிடமே பேசுகிறோம்.

எங்கள் தமிழாசிரியை மணிமொழி எழுதி வைத்திருந்த மடல் இது அல்ல. அது நான்கு பக்கம். தங்களைத் தாய்க்கும் தென்றலுக்கும் மெழுகுவத்திக்கும் ஒப்பிட்டுத் தேன் சொட்டச் சொட்ட எழுதியிருந்தாள். நேற்று முன்தினம், புதன்கிழமை, இந்த மடலுக்கு வாங்கிய கண்ணாடிச் சட்டத்தைத் தங்கள் கண்ணில் படாமல் ஒளித்து வைக்க, கணக்கு ஆசிரியர் கோதண்டபாணி தங்கள் அறைக் கதவை நகர்த்தினார். அதே கதவு. அதே உட்புறம். மீண்டும் ஒரு நோட்டீஸ். அதே இணைப்பு. வருகிற திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூட்டம். இன்று வெள்ளி, கடைசி வேலை நாள். நாளை முதல் கோடை விடுமுறை. பள்ளியில் பிள்ளை இருக்காது, வாசலில் தாய் இருக்க மாட்டாள், நாற்காலியில் தாங்கள் இருக்க மாட்டீர்கள். தாங்கள் ஓய்வு பெறும் நாளை எங்களைவிட ஆவலாக எண்ணிக்கொண்டிருந்தவர்கள் வேறு இடத்தில் இருந்திருக்கிறார்கள்.

மணிமொழி நான்கு பக்கத்தையும் கிழித்துப் போட்டாள். மூன்று ஞாயிறு எங்களுக்குக் கிடைக்கவில்லை, மூன்று மாலைதான் கிடைத்தது. புதன் மாலை, தாங்கள் பின்னறையில் பொருள்களைச் சரிபார்த்து ஒப்படைத்துக்கொண்டிருந்தபோது, கோதண்டபாணி வாசலில் ஸ்டூல் போட்டு முதல் முறை வாசித்தார். வியாழன் மாலை சத்துணவு ஆயா வாசித்தார். பிரிவு விழாவுக்கு இத்தனை கூட்டம் ஏன் என்று பந்தலுக்குள் வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தீர்களே, இதற்காகத்தான். தங்கள் மேல் அன்பில்லாமல் இல்லை. அன்பு இருக்கிறது, வேலையும் இருக்கிறது.

முன்வரிசையில் எங்கள் அழைப்பை ஏற்று வந்து கேசரி சாப்பிட்டு முடித்திருக்கும் அதிகாரி ஐயா தயவுசெய்து எழுந்து போய்விட வேண்டாம். இது முறைப்படியான வாசிப்பு, தாங்கள் சாட்சி.

அம்மையீர், தாங்கள் நீடு வாழ வேண்டும். சர்க்கரை அடங்கி, மூட்டுவலி தணிந்து, பேரப்பிள்ளைகளோடு கடற்கரையில் நடந்து, மாலைப் பூசைக்கு நேரத்தோடு போய், நிறைவாய் நெடுநாள் வாழ வேண்டும். இந்த ஊரில் எந்தக் கதவின் பின்னால் எது ஒட்டப்பட்டாலும் தங்கள் பெயரை நினைத்துக்கொண்டு நாங்கள் அந்தக் கதவைச் சாத்திப் பார்ப்போம்.

இனி மூன்றாம் வாசிப்பு. செந்தமிழை இங்கே நிறுத்திக்கொள்கிறோம்.

இந்த ஸ்கூலை மூடப் போறாங்க. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு இங்கேயே கூட்டம். லீவு நாள்தான். வேலை செய்யற வீட்டுல ஒருநாள் வரலைன்னு சொல்லிட்டு வாங்க. தடை இருக்கிறவங்க இப்பவே எழுந்து நில்லுங்க.

(வாசிப்பவர் இங்கே நிறுத்திப் பந்தலைப் பார்க்கவும்.)

இங்ஙனம்,
கதவைச் சாத்திப் பார்க்கக் கற்றுக்கொண்ட
ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள், சத்துணவுக் கூடப் பணியாளர்கள்,
ஆற்றோரத் தெரு நடுநிலைப் பள்ளி, சென்னை.

மடலைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் இடும் முன் சேர்த்தது: முதலில் எழுந்தவர் டோரதி டீச்சர். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, “எனக்குத் தடை இருக்கு,” என்றார். “நீங்கதான் இன்னையோட ரிடையர்டு ஆச்சே மேடம், இனி உங்களுக்கும் இந்த ஸ்கூலுக்கும் என்ன?” என்று அதிகாரி ஐயா கேட்டார். முனியம்மாள் எழுந்து, “அவங்க எங்க டீச்சரு. நாங்க இங்கதான் கீறோம்,” என்றார். அதன்பின் பந்தலில் உட்கார்ந்திருந்தவர் அதிகாரி ஐயா ஒருவர்தான்.